மறு: சீரோபுரொடெக்சன் – "காப்பளவு" என்று வைத்தால் என்ன?

வணக்கம் எல்லோருக்கும். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கான கிளினிக் துண்டுப்பிரசுரத்துக்கு சீரோபுரொடெக்சன் (seroprotection) என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். ஊசிக்குப் பிறகு இரத்தத்தில் நோயைத் தடுக்கப் போதிய பிறபொருளெதிரி (கிருமியை எதிர்க்க உடல் செய்கிற புரதம், antibody) இருப்பதுதான் அது. அண்ணா "ஊநீர்க்காப்பு" என்றார், அக்கா "நிர்ப்பீடனம்" என்றார்.

அண்ணா, "ஊநீர்க்காப்பு" கேட்க நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் கொழும்பில் ஒரு கிளினிக் துண்டுப்பிரசுரத்தில் அதைப் போட எனக்கு மனம் வரவில்லை. ஊநீர் என்றால் இங்கே புண்ணில் வடிவதைத்தான் நினைப்பார்கள். ஊநீர் என்று அண்ணா சொல்கிற சீரத்துக்கு (இரத்தம் உறைந்தபின் மிஞ்சுகிற தெளிந்த நீர்) எங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் நீர்ப்பாயம் என்று வேறு இருக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல் சீரோகன்வெர்சன் (seroconversion), அதாவது இரத்தத்தில் பிறபொருளெதிரி புதிதாகத் தோன்றுவது. எச்.ஐ.வி. கிளினிக்கில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான், நெகட்டிவாக இருந்தவர் பொசிட்டிவ் ஆகிவிட்டார். தடுப்பூசிக்காரர்களோ அதையே நல்ல செய்தியாகச் சொல்கிறார்கள், ஊசிக்குப் பிறபொருளெதிரி உண்டாகியிருக்கிறது என்று. "ஊநீர் மாற்றம்", "ஊநீர்க்காப்பு" என்று இரண்டையும் ஒரே வேரில் வைத்தால், ஏற்கெனவே ஒருமுறை அந்த ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி நடுங்கினவருக்கு இன்னொரு தடவை நெஞ்சிடிக்கும்.

அக்கா சொன்ன "நிர்ப்பீடனம்" (நோயெதிர்ப்புச் சக்தி) பொதுப்பெயராக இருக்கட்டும், ஆனால் அது மிக அகலம். சிகிச்சையை ஒழுங்காக எடுக்கிற ஒருவரின் இரத்தத்தில் வைரசு தெரியாத அளவுக்கு அடங்கியிருக்கும், சி.டி.4 என்ற நோயெதிர்ப்புக் கலங்களின் எண்ணிக்கையும் 500க்கு மேலே இருக்கும், ஆனாலும் ஹெபடைற்றிஸ் பி ஊசி மூன்றும் போட்ட பிறகு பிறபொருளெதிரி போதிய அளவு வராமல் போகலாம். பிறபொருளெதிரியைச் செய்கிற பி கலங்களுக்கு உதவுவதே சி.டி.4 கலங்கள்தான், வைரசு அழிப்பதும் அவற்றைத்தான். மருந்தால் எண்ணிக்கை திரும்பினாலும் இழந்த நோயெதிர்ப்பு ஞாபகம் முழுக்கத் திரும்புவதில்லை. அதனால்தான் பல வழிகாட்டிகள் இவர்களுக்கு இரட்டை அளவு ஊசி போட்டு, கடைசி ஊசிக்கு ஒன்று இரண்டு மாதம் கழித்து இரத்தத்தையும் பார்க்கச் சொல்கின்றன. லீற்றருக்கு 10 சர்வதேச அலகு வந்தால் போதும். நம் நாட்டில் இந்த ஊசி குழந்தைகள் அட்டவணைக்கு வந்ததே 2003இல், ஆகவே இன்று முப்பது தாண்டியவர் சின்ன வயதில் போட்டிருக்க வாய்ப்பில்லை.

கன்று நடுவது வேறு, அது பிடிப்பது வேறு. ஊசிக் கார்டில் இருப்பது நட்டதுக்குத்தான் சாட்சி. பிடித்ததா என்பதற்கு ஒரு சொல் வேண்டும், அதற்குத்தான் "காப்பளவு" என்கிறேன். காப்பளவு எட்டியது, எட்டவில்லை, காப்பளவுக்குக் கீழே இறங்கிவிட்டது, இப்படி வினையோடு சேர்த்துச் சொன்னால் நர்சும் சொல்லலாம், நோயாளியும் திருப்பிச் சொல்லலாம். (கையில் போடுகிற காப்பா என்று கேட்டு ஒருவர் ஏற்கெனவே சிரித்துவிட்டார், சரி, சிரிக்கட்டும்.) நோய்க்கு நோய் எண் மாறினாலும் சொல் தாங்கும், விசர்நாய்க்கடிக்கு அது மில்லிலீற்றருக்கு 0.5 அலகு.

"அளவு குறைந்தால் காப்பே இல்லை என்று ஆகிவிடாதா?" என்ற கேள்வி நியாயமானது. ஹெபடைற்றிஸ் பி ஊசியில் ஆரோக்கியமான ஒருவர் ஒருமுறை 10ஐத் தாண்டிவிட்டால், பிறகு இறங்கினாலும் உடல் ஞாபகம் வைத்திருக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். எச்.ஐ.வி. உள்ளவர் விடயத்தில் அந்தத் துணிவு இல்லை, தொற்று வரும் வாய்ப்பு தொடர்ந்தால் மறுபடி அளந்து பார்த்து ஊசி போடச் சொல்வார்கள். ஆகவே அளவைச் சொல்லில் வைத்திருப்பது இங்கே குற்றமில்லை. சின்னமுத்தை (measles) பாருங்கள். 2019இல் இலங்கை அதை ஒழித்துவிட்டது என்று சான்றிதழே வாங்கினோம், 2023இல் மறுபடி வந்தது. அதற்குப் போடுவது உயிருள்ள வைரசு ஊசி, சி.டி.4 200க்குக் கீழே இருக்கிறவருக்குப் போடமாட்டார்கள். முன்பு போட்ட ஊசியின் காப்பு அவருக்கு இன்னும் இருக்கிறதா என்பது அங்கே வெறும் ஆராய்ச்சிக் கேள்வி இல்லை.

சீரோகன்வெர்சனுக்கு "எதிரி தோன்றல்" என்று தனியாக வைக்கலாம், எந்த நோயின் எதிரி என்பதைக் கட்டாயம் முன்னால் சேர்த்து. இதில் எனக்கே முழுத் திருப்தி இல்லை, நல்லதாக வந்தால் மாற்றுவோம்.

சிங்களப் பகுதியும் ஆங்கிலப் பகுதியும் முடிந்து தமிழ்ப் பத்திதான் காலியாகக் கிடக்கிறது. மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அக்கா, உங்களுடையதை முக்கியமாக எதிர்பார்க்கிறேன்.