வெண்பக்கத்தில் கரைந்துபோகும் கசவுப் புடவைச் சிறுபடங்கள்

கேள்வி (கொழிஞ்சாம்பாறை):
எங்கள் கடையின் இணையதளத்தில் கசவுப் புடவைகளின் சிறுபடங்களை வரிசையாக அடுக்கியிருக்கிறேன். புடவையும் வெண்மை, பக்கமும் வெண்மை என்பதால் படம் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. கனமான கறுப்புக் கட்டம் போட்டாலோ பொன்னிறக் கரை எடுபடுவதில்லை. என்ன செய்யலாம்?

மறுமொழி (நகரி):
கறுப்பைப் 10 விழுக்காடு அடர்த்தியில் மட்டும் எடுத்து, 1 பிக்சல் கோடாகப் படத்தின் உள்விளிம்பில் இடுங்கள். அடியிலுள்ள வண்ணத்தோடு கலப்பதால், அது வெண்படத்தில் மெல்லிய சாம்பல் கோடாகத் தெரியும். கருநிறப் படத்தில் கண்ணுக்கே படாது. பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸில், இந்தக் கோட்டை உள்நிழலாக (இன்செட் பாக்ஸ்-ஷேடோ) நேரடியாகப் படத்துக்கே கொடுத்தால் அது படத்தின் அடியில் மறைந்துவிடும் என்பதைக் கவனியுங்கள். அதற்குப் பதிலாக அவுட்லைன் என்னும் வெளிக்கோட்டை இட்டு, அதன் இடைவெளியான ஆஃப்செட் மதிப்பை மைனஸ் 1 பிக்சல் என வைத்து உள்ளே தள்ளுவதே எளிது.

மறுமொழி (குமுளி):
கோட்டைவிடப் படத்தை எங்கே வெட்டுகிறோம் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஐயா. எல்லாப் படங்களுக்கும் 3:4 என ஒரே விகிதம் கொடுத்து, படம் கட்டத்தில் எப்படிப் பொருந்த வேண்டும் எனச் சொல்லும் ஆப்ஜெக்ட்-ஃபிட்டில் கவர் (கட்டம் முழுவதையும் நிரப்பு) என வைத்தால் வரிசை சீராகும். ஆனால் அது இயல்பாக நடுப்பகுதியை வைத்துக்கொண்டு ஓரங்களை வெட்டுவதால், கசவுக்கு அடையாளமான கரையே போய்விடக்கூடும். படத்தின் எந்தப் பகுதி தெரிய வேண்டும் எனச் சொல்லும் ஆப்ஜெக்ட்-பொசிஷனைக் கொண்டு கரையுள்ள பக்கத்தை நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அடர்சிவப்புப் புடவைகளுக்கு வேறு கோடு வேண்டுமா?

மறுமொழி (நகரி):
வேண்டாம், அதே கோடு போதும்.