ரம் இல்லாத மொஹிட்டோவையும் அதே அக்கறையோடு செய்து பார்த்தவர்கள் வந்து சொல்லுங்கள்

பொங்கோல் புதினா

போன தீபாவளிக்கு மறுநாள் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அலுவலக நண்பர்கள் எட்டுப் பேர் வீட்டுக்கு வந்தார்கள். புதினாவும் எலுமிச்சையும் ரம்மும் சோடாவும் கலந்த மொஹிட்டோ என்ற பானத்தைச் செய்து தருகிறேன் என்று ஒரு வாரமாகவே சொல்லி வைத்திருந்தேன். சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாங்கிய புதினாக் கட்டு, எலுமிச்சை இருபது, சோடா கேன்கள், வெள்ளை ரம் ஒரு பாட்டில் எல்லாம் தயார். ரம் குடிப்பவர்களுக்கு ஒவ்வொரு கிளாஸாகப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். மற்ற மூன்று பேரில் ஒருவர் முஸ்லிம் அக்கா, ஒருவர் ஐந்து மாதக் கர்ப்பிணி, ஒருவர் வண்டி ஓட்டிக்கொண்டு திரும்ப வேண்டியவர். அவர்களுக்குக் கடையில் விற்கும் எலுமிச்சை வாசனைக் குளிர்பானத்தை ஊற்றி, மேலே இரண்டு புதினா இலையைப் போட்டு நீட்டினேன்.

எல்லாரும் போன பிறகு மேசையைத் துடைக்கும்போது பார்க்கிறேன், அந்த மூன்று கிளாஸும் முக்கால்வாசி அப்படியே இருந்தன. யாரும் முகம் சுளிக்கவில்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஒரே பந்தியில் பாதிப் பேருக்குச் சுடச்சுடச் சோறும் மீதிப் பேருக்குப் பழையதும் போட்ட மாதிரி இருந்தது. அன்றிலிருந்து எட்டு மாதமாக இரண்டையும் வீட்டில் செய்து பார்த்து வருகிறேன்.

ரம் உள்ளதற்கு நான் பின்பற்றுவது சர்வதேச பார்டெண்டர்கள் சங்கம் வைத்திருக்கும் அளவு. வெள்ளை ரம் 45 மில்லி, அப்போதே பிழிந்த எலுமிச்சைச் சாறு 20 மில்லி, புதினா நுனிக் கிளை 6, வெள்ளைச் சீனி 2 தேக்கரண்டி, அப்புறம் சோடா. அவ்வளவுதான். கியூபாவில் ஹவானா நகரத்துப் பானம் இது. சீனி, சாறு, புதினா மூன்றையும் கிளாஸின் அடியில் மெதுவாக அழுத்தி, கொஞ்சம் சோடா விட்டு, ஐஸை விளிம்பு வரை நிரப்பி, ரம் ஊற்றி, மேலே சோடா விட்டு ஒரே ஒரு தடவை கலக்க வேண்டும். நம் ஊர் வெயிலுக்குப் பயந்து நாலே நாலு ஐஸ் கட்டி போட்டால் அது சீக்கிரம் கரைந்து தண்ணீராகிவிடும், கிளாஸ் நிறையப் போட்டால்தான் மெதுவாகக் கரையும்.

ரம் இல்லாததுதான் எனக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ் வாசி

எனக்கு நடந்தது புதினாவிலேயே. வீட்டுக்குக் கீழே இருக்கும் கடையில் 'வியட்நாமியப் புதினா' என்று ஆங்கிலத்தில் எழுதிய பொட்டலத்தைப் பார்த்து, சரி, புதினாதானே என்று எடுத்து வந்துவிட்டேன். அழுத்திய உடனே வீடு முழுக்க லக்சா நூடுல்ஸ் குழம்பு வாசனை! அது நாம் லக்சாவில் போடும் டாவுன் கெசும், புதினாவுக்குச் சொந்தமே இல்லாத வேறு செடி. இலை நீளமாக, நுனி கூர்மையாக, நடுவில் கருஞ்சிவப்பாக ஒரு திட்டு இருக்கும். புதினா இலை முட்டை வடிவில், ஓரம் பற்களாக, மேலே சுருக்கம் சுருக்கமாக இருக்கும், தண்டைத் தொட்டுப் பார்த்தால் நாலு மூலையோடு சதுரமாகத் தெரியும். பெயரைப் படித்து வாங்காதீர்கள், ஒரு இலையைக் கசக்கி மோந்து பார்த்து வாங்குங்கள். அன்றைக்கு வந்திருந்த மாமா அந்தக் கிளாஸை முழுக்கக் குடித்தார், அது அவருடைய பெருந்தன்மை.

முன்னாள் பார்காரன்

ஆறு வருஷம் ஒரு ஹோட்டல் பாரில் வேலை பார்த்தவன் நான், ஹோட்டல் பெயர் வேண்டாம். தம்பி, நீங்கள் எழுதிய மூன்று கிளாஸ் என்னை உலுக்கிவிட்டது, ஏனென்றால் நாங்களும் அங்கே அதைத்தான் செய்தோம். ரம் வேண்டாம் என்றால் ரம்மை விட்டுவிட்டு மற்றதை அப்படியே ஊற்றிக் கொடுப்பது, விலை மட்டும் பெரிதாகக் குறையாது. ஒரு நாள் ஒரு வயசான அம்மா, மகன் திருமண விருந்துக்கு வந்தவர், குடித்துவிட்டு என்னைப் பார்த்து "இதில் என்னமோ விட்டுப்போச்சுப்பா" என்றார். ரம் விட்டுப்போச்சு என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அவர் சொன்னது சரி. ஒன்றை எடுத்தால் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும்.

அதற்கப்புறம் நான் புரிந்துகொண்டது இதுதான். புதினாவின் மணம் ஒரு எண்ணெய். இலையின் மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பைகளில் இருக்கிறது. எண்ணெய் சாராயத்தில் நன்றாகக் கரையும், தண்ணீரில் சரியாகக் கரையாது. ஆகவே ரம் உள்ள கிளாஸில் நீங்கள் கொஞ்சம் கவனக்குறைவாக இருந்தாலும் ரம் அந்த மணத்தை இழுத்துப் பானம் முழுக்கப் பரப்பிவிடும். ரம் இல்லாதபோது அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லை. அதனால் ரம் இல்லாததற்குத்தான் வேலை அதிகம், புதினாவும் அதிகம். இதை எத்தனையோ பேர் தலைகீழாக நினைக்கிறார்கள்.

நான் செய்யும் முறை: புதினா 10 கிளை. சீனியோடு சேர்த்து மரக்கரண்டியின் காம்பால் ஆறேழு தடவை மட்டும் அழுத்துவேன், சீனிக் கல் உரசி அந்தப் பைகளை உடைக்கும். சாறு 25 மில்லியாகக் கூட்டி, அப்படியே ஐந்து நிமிஷம் விடுவேன். உரலில் போட்டுச் சட்னி மாதிரி இடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். இலை நைந்தால் பச்சை வாடையும் கசப்பும் இறங்கும், துணுக்குகள் பல்லிலும் சிக்கும். எலுமிச்சைத் துண்டைத் தோலோடு சேர்த்து ஓங்கி நசுக்கினாலும் உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி கசக்கும்.

ரம்முக்கு ஒரு காரம் உண்டு, தொண்டையில் இறங்கும்போது தெரியும். அந்த இடத்தில் இஞ்சி இரண்டு மெல்லிய வில்லை போடுங்கள், உப்பு ஒரு சிட்டிகை. கடைசியில் ஒரு கிளையை உள்ளங்கையில் வைத்து 'பட்' என்று ஒரு தட்டு தட்டி, ஸ்ட்ராவுக்குப் பக்கத்திலேயே சொருகுங்கள். குடிக்கும்போது மூக்கு அதில் இடிக்க வேண்டும். பாதி ருசி அங்கேதான் இருக்கிறது.

ஈசூன் குடும்பஸ்தன்

நான் செலவு பற்றிச் சொல்கிறேன். சிங்கப்பூரில் மதுவுக்குச் சுங்கத் தீர்வை, ரம் போன்றவற்றுக்கு, ஒரு லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி. 700 மில்லி பாட்டில், 40 விழுக்காடு என்றால் 280 மில்லி ஆல்கஹால், தீர்வை மட்டும் 24 வெள்ளி 64 காசு வருகிறது. அதற்கு மேல் ஜிஎஸ்டி 9 விழுக்காடு. ஜொகூர் போய் வாங்கி வரலாம் என்று நினைப்பவர்களுக்கு: மலேசியாவிலிருந்து திரும்பினால் தீர்வையில்லாச் சலுகை கிடையாது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. என் தம்பி பிறந்தநாளுக்கு ரம் பாதியிலேயே தீர்ந்துவிட்டது, மணி 10:40. கடைகளில் இரவு 10:30 மணியிலிருந்து காலை 7 வரை விற்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். மிச்சம் இருந்தது புதினாவும் எலுமிச்சையும் சோடாவும்தான். என் மனைவி அதிலேயே செய்தார், வந்தவர்கள் பன்னிரண்டு மணி வரை அதையே குடித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். காரில் வந்த இரண்டு பேரும் ரம் தீர்வதற்கு முன்பே ரம் இல்லாததற்கு மாறியிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

தெம்பனிஸ் தங்கை

எங்கள் அம்மாவுக்கு நான் செய்து கொடுத்தபோது ஒரு வாய் குடித்துவிட்டு "இதுக்கு எதுக்குடி இவ்வளவு பெரிய பேரு, புதினா சர்பத்துன்னு சொல்லு" என்றார். அப்புறம் அவரே எழுந்து அடுக்களைக்குப் போனார். பானகத்துக்கு வாங்கி வைத்திருந்த நாட்டுச் சர்க்கரையை எடுத்து, சம அளவு தண்ணீரில் கரைத்து வடிகட்டி, வெள்ளைச் சீனிக்குப் பதில் அதை இரண்டு தேக்கரண்டி விட்டார். சுக்கும் ஏலக்காயும் போடப் போனவரை நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன், புதினாவை அது மூடிவிடும்.

நிறம் வெளிறிய தேநீர் மாதிரி ஆகிவிட்டது, ஆனால் ருசி! பிறகு யோசித்தால் காரணம் புரிகிறது. ரம்மே கரும்பிலிருந்து வருவது, வெல்லம் கரும்புச் சாறு காய்ச்சியது. ஒரே வீட்டுப் பிள்ளைகள். ரம்மில் இருக்கும் அந்த லேசான கருகல் இனிப்பு வெல்லத்தில் இருக்கிறது. முன்னாள் பார்காரன் அண்ணே, நீங்கள் சொன்ன காலி இடத்தை இஞ்சி பாதி நிரப்பினால் வெல்லம் மீதியை நிரப்புகிறது என்று நான் நினைக்கிறேன், செய்து பார்த்துச் சொல்லுங்கள்.

உணவங்காடியில் கிடைக்கும் கரும்புச் சாற்றிலும் ஒரு தடவை செய்தேன். வாசனை பிரமாதம், ஆனால் சோடாவுக்கு இடம் இல்லாமல் கனமாகிவிட்டது. கலமான்சி என்ற குட்டி எலுமிச்சையிலும் செய்தேன், அது பழ வாசனையைக் கூட்டி வேறு பானமாக்கிவிடுகிறது. நல்ல பானம்தான், மொஹிட்டோ இல்லை.

ஜூரோங் அக்கா

நானும் தம்பி சொன்ன அந்த முஸ்லிம் அக்கா மாதிரி ஒருத்திதான், அதனால் எழுதுகிறேன். இப்படிப்பட்ட விருந்துகளில் எனக்குப் பானம் ருசியாக இருக்கிறதா என்பதற்கு முன்னால் ஒரு கவலை வரும். எந்தக் கரண்டியால் கலக்கினார்கள், எந்த அளவுக் கோப்பையில் சாற்றை ஊற்றினார்கள், ஐஸ் எடுக்கிற கிண்ணத்தில் ரம் சொட்டியிருக்குமோ? கேட்டால் அவர்களுக்குச் சங்கடம், கேட்காவிட்டால் எனக்குச் சங்கடம். அதனால் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாய்கூட வைக்காமல் மணிக்கணக்காக நின்றிருக்கிறேன். உங்கள் மேசையில் இருந்த கிளாஸ் ருசிக்காக மட்டும் மிச்சமாகியிருக்காது தம்பி.

ஒரே ஒரு வீட்டில் வேறு மாதிரி நடந்தது. சக ஆசிரியை ஒருவர், இந்துக் குடும்பம். நான் உள்ளே நுழைந்ததும் அடுக்களைக்குக் கூப்பிட்டு, "அக்கா, உங்க கிளாஸ், கரண்டி, பிழியுற கருவி எல்லாம் புதுசு, ரம் பாட்டிலை இன்னும் திறக்கவே இல்லை, முதல்ல உங்களுக்குத்தான் செய்றேன்" என்று என் கண்முன்னே செய்தார். நான் அன்று மூன்று கிளாஸ் குடித்தேன். அடுத்த நோன்பு மாதத்தில் அவரை நோன்பு திறக்க அழைத்தேன், பேரீச்சம்பழத்துக்கும் கஞ்சிக்கும் பக்கத்தில் அவர் சொல்லிக் கொடுத்த அதே பானத்தை ஒரு ஜாடி வைத்திருந்தேன். ஒரு தவறு மட்டும், மத்தியானமே புதினாவை அழுத்தி ஊற வைத்துவிட்டேன், மாலைக்குள் இலை எல்லாம் கறுத்துப்போனது.

முன்னாள் பார்காரன்

அக்கா, நசுங்கிய இலை காற்றுப் பட்டால் கறுக்கத்தான் செய்யும். நிறையப் பேருக்குச் செய்வதானால் சாறும் பாகும் மட்டும் காலையில் கலந்து குளிர்பெட்டியில் வையுங்கள், புதினாவை அந்தந்த நேரத்தில் அழுத்துங்கள். சோடா நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும், அறைச் சூட்டில் இருக்கும் சோடாவில் ஊற்றும்போதே பாதி வாயு போய்விடும்.

தெம்பனிஸ் தங்கை, நேற்று ராத்திரியே செய்து பார்த்தேன். வெல்லப்பாகு ஒரு தேக்கரண்டி, வெள்ளைச் சீனி ஒரு தேக்கரண்டி, அப்படிப் பாதிப் பாதி வைத்தால் நிறமும் கெடவில்லை. இஞ்சியை ஒரு வில்லையாகக் குறைத்தேன். பாரில் நான் கொடுத்த எல்லாவற்றையும்விட இது நன்றாக இருந்தது. அம்மாவிடம் சொல்லுங்கள்.

பொங்கோல் புதினா

ஜூரோங் அக்கா எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எட்டு மாதமாக நான் ருசியையே துரத்திக்கொண்டிருந்தேன், கரண்டியைப் பற்றி ஒரு தடவைகூட நினைக்கவில்லை. அன்றைக்கு எல்லாக் கிளாஸுக்கும் ஒரே கரண்டிதான்.

போன சனிக்கிழமை அதே எட்டுப் பேரை மறுபடி அழைத்தேன். காலையில் கடைக்குப் போய்ப் புதிதாக ஆறு கிளாஸ், ஒரு மரக்கரண்டி, ஒரு அளவுக் கோப்பை, ஐஸுக்கு ஒரு தனி டப்பா வாங்கினேன். ரம் இல்லாததை முதலில் செய்தேன், விருந்துக்கு வந்த முஸ்லிம் அக்காவைப் பக்கத்தில் நிறுத்தி, தெம்பனிஸ் தங்கையின் அம்மா முறையில், பார்காரன் அண்ணன் சொன்ன பாதிப் பாதிப் பாகில். அவர் குடித்துவிட்டு "இன்னும் கொஞ்சம் புளிப்பு" என்றார். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும், பிடிக்காமல் வைத்துவிட்டுப் போகிறவர் திருத்தம் சொல்ல மாட்டார். சாற்றை 30 மில்லியாக்கினேன், அதுதான் இப்போது என் அளவு. ரம் குடிப்பவர்களில் இரண்டு பேர் இரண்டாவது சுற்றில் இதைக் கேட்டு வாங்கினார்கள்.

எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டு நடைபாதையில் நான் வைத்திருக்கும் புதினாத் தொட்டி இப்போது வழிகிறது. தேக்காவில் வாங்கிய கட்டிலிருந்து நாலு காம்பை எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்ணீரில் வைத்தேன், ஒரு வாரத்தில் வேர் விட்டது, மண்ணுக்கு மாற்றியதோடு சரி. காலை வெயில் பட வேண்டும், மண் காயக் கூடாது, தொட்டியில் தண்ணீர் தேங்கவும் கூடாது. காம்பு வேண்டும் என்பவர்கள் இங்கே எழுதுங்கள், ஈரத் துணியில் சுற்றி எடுத்து வருகிறேன். ஜூரோங் அக்காவுக்கு இரண்டு கட்டு தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.