டிரையரில் துணி காயவில்லை என்றால் முதலில் வென்ட் குழாயைப் பாருங்கள்

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ குடிபெயரும் நம்மவர்களில் பலர் அங்கே போன பிறகுதான் முதன்முதலாக டிரையரைத் தொடுகிறார்கள். ஐப்பசி அடைமழையில்கூடக் கூடத்தில் கொடி கட்டி, மின்விசிறியைச் சுழலவிட்டுச் சமாளித்தவர்கள் நாம். ஆகவே, வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கும் அந்தப் பெட்டியின் பின்புறத்திலிருந்து சுவருக்குள் வென்ட் எனப்படும் ஒரு குழாய் ஓடுகிறது என்பதையும், அதைப் பராமரிப்பது நம் வேலை என்பதையும் யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. காற்றுக்குழாய் வேலையில் பல ஆண்டுகள் அங்கே இருந்துவிட்டு இப்போது நங்கநல்லூரில் ஓய்வில் இருப்பவன் என்ற முறையில், இந்த இணையக் கலந்துரையாடல் திரியில் வந்த டிரையர் கேள்விகளுக்குச் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

இரண்டு முறை ஓட்டினாலும் துணி ஈரமாகவே இருக்கிறது, இயந்திரம் கெட்டுவிட்டதா என்பதே பெரும்பாலானோரின் கேள்வி. பெரும்பாலும் கெட்டிருப்பது இயந்திரமன்று. டிரையர் காற்றைச் சூடாக்கித் துணியின் ஊடே செலுத்தி, ஈரத்தையும் பஞ்சுத் தூசியையும் 4 அங்குல விட்டமுள்ள குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே தள்ளுகிறது. அந்தக் குழாயில் பஞ்சு படிந்து காற்றோட்டம் குறைந்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். துணி கை சுடும் அளவுக்குச் சூடாக இருந்தும் ஈரம் போகாமல் இருப்பது, லாண்டரி அறை புழுங்குவது, டிரையர் ஓடும்போது வெளிச்சுவரில் உள்ள மூடி திறக்காமல் இருப்பது ஆகிய மூன்றும் குழாய் அடைப்பின் அடையாளங்கள். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான தரவுகளைக் கொண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, குடியிருப்புகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீ விபத்துகள் நேர்ந்தன; சுத்தம் செய்யாமல் விட்டதே அவற்றுக்கு முதன்மையான காரணம். எரிவாயுவில் இயங்கும் டிரையராக இருந்தால், அடைபட்ட குழாயால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும் ஆபத்தும் உண்டு.

டிரையரின் பஞ்சு வடிகட்டி வலையை ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். மணத்துக்காகத் துணியோடு போடும் டிரையர் ஷீட் என்ற மெல்லிய தாள் அந்த வலையின் மீது கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் படலத்தை விட்டுச் செல்வதுதான் பலருக்குத் தெரியாது. வலையைத் தண்ணீர்க் குழாயடியில் பிடித்துத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தண்ணீர் வலையின் மேல் தேங்கி நின்றால், சோப்பு நீரும் பழைய பல்துலக்கியும் கொண்டு தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய்ந்த பின்னரே திரும்பப் பொருத்துங்கள்.

குழாயை ஆண்டுக்கு ஒரு முறையாவது சுத்தம் செய்ய வேண்டும். நம் பருத்தித் துண்டுகளும் வேட்டிகளும் பஞ்சை நிறையவே உதிர்க்கும் என்பதால், அதற்கு முன்பே தேவைப்படலாம். மின் டிரையரானால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியை முன்னால் நகர்த்திக் குழாயைக் கழற்றலாம். எரிவாயு இணைப்பு இருந்தால் நீங்களே நகர்த்தாமல் அதற்குரிய ஆளைக் கூப்பிடுங்கள். துண்டு துண்டாக மரையிட்டு இணைத்து, டிரில்லில் மாட்டிச் சுழற்றும் நீளக் கம்பிகளின் நுனியில் பொருத்திய தூரிகைகள் வன்பொருள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை வலஞ்சுழியாக மட்டுமே சுழற்ற வேண்டும், இல்லையென்றால் கம்பிகளின் மரை கழன்று தூரிகை சுவருக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். வெளிமூடியையும் மறக்காதீர்கள். அங்கே குருவி கூடு கட்டியிருப்பது சாதாரணம். அதற்கு அஞ்சி வலை அடித்து வைத்தால், சில வாரங்களிலேயே அந்த வலை பஞ்சால் அடைந்துவிடும்.

டிரையருக்கும் சுவருக்கும் இடையே பிளாஸ்டிக் சுருள் குழாய் இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். அதன் மடிப்புகளில் பஞ்சு தங்கும், தீப்பிடித்தால் குழாயே எரியும். சுவருக்குள் ஓடுவது உட்புறம் வழவழப்பான உலோகக் குழாயாகவே இருக்க வேண்டும். இணைப்புகளில் ஒட்டுவதற்கு உலோகப் படல நாடா ஏற்றது. துணி நாடா சூட்டில் பிசின் விட்டுக் கழன்றுவிடும். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் திருகாணி முனைகளும் பஞ்சைப் பிடித்து வைக்கும்.

இனி, டவுன்ஹவுஸ் என்ற ஒட்டுச்சுவர் வரிசை வீட்டில் குடியேறிய தம்பி ஒருவர், டிரையர் குழாயின் இடையில் உள்ள பூஸ்டர் ஃபேன் என்ற துணை விசிறி ஓடாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருந்த கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் ஐ.ஆர்.சி. கட்டட விதித்தொகுப்பு குழாயின் நீளத்துக்கு 35 அடி வரம்பு வைக்கிறது; வழக்கமான ஒவ்வொரு செங்கோண வளைவுக்கும் அதில் 5 அடியைக் கழிக்க வேண்டும். லாண்டரி அறை வீட்டின் நடுவில் அமைந்து, குழாய் கூரை வரை ஏறும் வீடுகளில் இந்த வரம்புக்குள் அடங்குவது கடினம். ஆகவே இடையில் ஒரு விசிறியை வைத்துக் காற்றை இழுக்கிறார்கள். பல வீடுகளில் அது நின்றுவிட்டாலும் டிரையர் வழக்கம்போல் ஓடும் என்பதுதான் சிக்கல். நின்ற விசிறியின் இறக்கைகளே குழாயை மறிக்கும் தடையாகி, அங்கே பஞ்சு குவியத் தொடங்கும்.

விசிறி ஓடவில்லை என்றவுடன் புதிதாக வாங்க வேண்டாம். முதலில் அதற்குரிய பிரேக்கர் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பல மாடல்கள் குழாயில் காற்றழுத்தம் எழுவதை ஒரு மெல்லிய குழலின் வழியே உணர்ந்துதான் இயங்கத் தொடங்குகின்றன. அந்தக் குழலின் வாயில் பஞ்சு அடைத்துக்கொண்டால் மோட்டார் நல்ல நிலையில் இருந்தும் விசிறி அசையாது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு அந்த வாயைச் சுத்தம் செய்தாலே பல வீடுகளில் அது உயிர்பெற்றுவிடும். அதிர்வும் இரைச்சலும் கூடினால் இறக்கைகளில் பஞ்சு ஒருபக்கமாகப் படிந்திருக்கலாம்; துடைத்த பின்னும் இரைந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. டிரையர் நின்ற பிறகும் சில நிமிடங்கள் விசிறி ஓடுவது சில மாடல்களின் இயல்பே, பழுதன்று. மாற்றியே தீர வேண்டுமென்றால், யூ.எல். என்ற பாதுகாப்புச் சோதனை நிறுவனத்தின் யூ.எல். 705 தரத்தின்கீழ் டிரையருக்கென்றே சான்று பெற்ற விசிறியை வாங்குங்கள். விலை குறைவு என்று குளியலறை விசிறியைப் பொருத்துவோர் உண்டு. அது பஞ்சையும் அந்தச் சூட்டையும் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. வாடகை வீடென்றால் விசிறியில் நீங்கள் கை வைக்காமல், குறைகளைப் படத்துடன் வீட்டு உரிமையாளருக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். வாய்மொழியாகச் சொன்னது பின்னாளில் சொன்னதாகவே கணக்கில் வராது. குழாய் அழுக்கால் மட்டும் துணி காயாத வீட்டில் பூஸ்டர் ஃபேன் பொருத்துவது வீண்செலவு என்பது என் கருத்து.

இன்னொன்று, நம் வீடுகளுக்கே உரியது. எண்ணெய்க் குளியலுக்குப் பின் தலை துவட்டிய துண்டுகளை டிரையரில் போடாதீர்கள். துவைத்த பிறகும் நூலிழைகளில் தங்கும் நல்லெண்ணெய், சூட்டில் காற்றின் ஆக்சிஜனுடன் வினைபுரிந்து தானே வெப்பத்தை உண்டாக்கும். டிரையர் நின்ற பிறகு குவியலாகக் கிடக்கும் துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகினால், தானாகவே தீப்பற்றக்கூடும். டிரையர் கையேடுகளே சமையல் எண்ணெய் பட்ட துணியைப் போட வேண்டாமென எச்சரிக்கின்றன. சமையலறைக் கைப்பிடித் துணிகளுக்கும் இது பொருந்தும். பெற்றோர் சென்னையிலிருந்து ஆறு மாதம் தங்க வரும்போது, இத்தகைய துணிகளைக் காயப்போட ஒரு மடக்குக் கொடியை வாங்கி அவர்கள் கண்ணில் படும் இடத்தில் விரித்து வையுங்கள். மற்ற துணிகளையும் டிரையர் நின்றவுடன் எடுத்து உதறிப் பரப்பச் சொல்லுங்கள்.