பழைய லாரி, இன்லைன் பம்ப்: டீசல் கசியுது, காலையில ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது

பத்துசக்கரம்:
ஆறு சிலிண்டர் டர்போ வண்டி, பழசு. இன்லைன் பம்ப் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியா டீசலை அழுத்தி அனுப்பற மெயின் பம்ப்), ரெண்டு ஃபில்டர். பம்ப் ஓரம் எப்பவும் ஈரமா இருக்கு, ஓடிட்டு வந்து நிறுத்தினா சேஸிஸ் மேல வழிஞ்சு சொட்டுது. காலையில நாலு தடவை நீளமா செல்ஃப் அடிச்சாதான் பிடிக்குது. ஆனா கைப்பம்பை இருபது தடவை அமுக்கிட்டு அடிச்சா உடனே பிடிக்குது. ஃபில்டர் மேல இருக்கற பேஞ்சோ போல்ட்டை (பைப் முனை வளையத்தைப் பிடிக்கற, உள்ள துவாரம் இருக்கற போல்ட்) இன்னும் இறுக்கிப் பார்த்தாச்சு, குறையல. மூணாவது சிலிண்டர் ஹை பிரஷர் பைப்பும் நட்டுகிட்ட நனையுது. அதை வெட்டிப் பற்றவெச்சுடலாம்னு பட்டறையில சொல்றாங்க. செய்யலாமா? இல்ல எம்-சீல் போட்டு ரெண்டு டிரிப் ஓட்டலாமா?

டீசல்கிண்ணம்:
நீங்க சொல்றது ஒரு கோளாறு இல்ல, மூணு. சேர்த்துப் பார்த்தா குழப்பம்தான் மிஞ்சும்.

டேங்க்ல இருந்து ஃபீட் பம்ப் (டீசலை உறிஞ்சி மெயின் பம்புக்குத் தள்ற சின்னப் பம்ப்) வரைக்கும் உறிஞ்சற பக்கம். அங்க ஓட்டை இருந்தா வண்டி ஓடும்போது சொட்டாது, காத்தை உள்ள இழுக்கும். ராத்திரி நிறுத்தினதும் அந்த வழியா காத்து புகுந்து லைன்ல நிக்கற டீசல் டேங்குக்கே இறங்கிடும். கைப்பம்பு அடிச்சா பிடிக்கறதுக்கு அதுதான் காரணம். ஃபீட் பம்ப்ல இருந்து ஃபில்டர் வழியா பம்ப் கேலரி (மெயின் பம்புக்குள்ள டீசல் நிக்கற அறை) வரைக்கும் ஒன்று, ஒன்றரை பார் அழுத்தம், சொட்டறது இங்க. அப்புறம் நாசில் பைப், அதாவது சிலிண்டருக்குள்ள டீசலைப் பீச்சற நாசிலுக்குப் போற ஹை பிரஷர் பைப், அது 200 பாருக்கு மேல, தனிக் கதை.

முதல்ல கண்டுபிடிக்கணும். பம்ப், ஃபில்டர் தலை, பைப் எல்லாத்தையும் பிரஷ்ஷும் டீசலும் போட்டுக் கழுவி, காத்தடிச்சுக் காயவெச்சு, மேல முகத்துக்குப் போடற பவுடரைத் தூவுங்க. ஐடிலிங்ல பத்து நிமிஷம் விடுங்க. எங்க முதல்ல கருத்து நனையுதோ அதுதான் ஊற்று. கீழ சொட்டற இடத்தைப் பார்த்து நட்டு இறுக்கறதுலதான் பாதி நாள் போகுது. எதையாவது கழட்டறதுக்கு முன்னால பவுடரை மறுபடி கழுவிடணும், உள்ள போகக் கூடாது.

பேஞ்சோ போல்ட்டை இறுக்கிக்கிட்டே போறதை நிறுத்துங்க. செம்பு வாஷர் ஒரு தடவை நசுங்கினா கெட்டியாயிடும், அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் உட்காராது. ஃபில்டர் தலை அலுமினியம், அதோட மரைதான் போகும். பைப் முனை வளையத்துக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு ரெண்டு வாஷர் இருக்கும். மேல இருக்கறதை மட்டும் மாத்திட்டு கீழ இருக்கறதை விட்டுடறாங்க. 14 எம்எம் போல்ட்டுக்கு உரிய வாஷரை ஒரு டஜனா வாங்கிக்குங்க. கிடைக்கலைன்னா பழசையே மங்கின சிவப்பா காயவெச்சு தண்ணியில போட்டா மறுபடி மெத்துன்னு ஆகும். கறுப்புச் செதிலைத் தேய்ச்சு எடுத்துட்டு, கண்ணாடி மேல 400 நம்பர் உப்புத்தாளை விரிச்சு ரெண்டு முகத்தையும் தட்டையாக்கிட்டுப் போடுங்க. டெஃப்லான் டேப் வேண்டாம். பிசிறு பிஞ்சு உள்ள போனா வால்வுல போய் நிக்கும். எம்-சீலும் டீசல் ஈரத்துல பிடிக்காது.

பம்ப்கடை:
மேல சொன்னது சரி. ரெண்டு விஷயம் சேர்க்கறேன்.

பம்ப் கேலரியில இருந்து ரிட்டர்ன் போற இடத்துல இருக்கறது வெறும் பேஞ்சோ போல்ட் இல்ல, ஓவர்ஃப்ளோ வால்வு. உள்ள ஸ்பிரிங் இருக்கும், கேலரியில அழுத்தத்தைப் பிடிச்சு வெச்சு மிச்ச டீசலை மட்டும் டேங்குக்குத் திருப்பி விடும். வெளிய பார்க்க போல்ட் மாதிரியேதான் தெரியும். வாஷர் மாத்தறப்ப ரெண்டையும் கழட்டி ஒரே தட்டுல போட்டு இடம் மாத்தி முடுக்கிட்டா கசிவு நின்னுடும், ஆனா வண்டி மேடு ஏறாது. வெறும் போல்ட் ரிட்டர்ன்ல போனா கேலரியில அழுத்தம் நிக்காது. வால்வு இன்லெட்டுக்குப் போனா பம்புக்கு டீசலே வராது. ஒவ்வொண்ணா கழட்டி, அதை முடிச்சுட்டு அடுத்ததைத் தொடுங்க.

இன்னொண்ணு, ஆயில் டிப் ஸ்டிக்கைப் பாருங்க. ஆயில் மட்டம் ஏறியிருந்தா, மோந்து பார்த்தா டீசல் வாசனை வந்தா, ஃபீட் பம்ப் தண்டு தேய்ஞ்சு டீசல், பம்பு அடியில இருக்கற கேம் பெட்டிக்குள்ள இறங்கி எஞ்சின் ஆயில்ல கலக்குதுன்னு அர்த்தம். அது வெளிய சொட்டாது, பேரிங்கைத்தான் தின்னும். அப்படி இருந்தா வண்டியை ஓட்டாதீங்க. ஃபீட் பம்பைச் சரி பண்ணி ஆயிலும் மாத்தணும். ஸ்பேர் கடையில மைக்கோ ஃபீட் பம்ப் கிட்னு கேளுங்க. கம்பெனி பேர் 2008லேயே பாஷ்னு மாறிடுச்சு, ஆனா கடைக்காரர் வாயில இன்னும் மைக்கோதான்.

மூணாவது பைப்பைப் பற்றவைக்கவே கூடாது. வெளிய 6 எம்எம் இருந்தாலும் உள் துவாரம் 2 எம்எம்தான். பற்றவெச்சா உள்ள செதில் கட்டும். அது உதிர்ந்து நாசில் துளைக்குப் போகும். அந்தத் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. நீளமும் மாறக் கூடாது. ஆறு பைப்பும் ஒரே நீளம் வர்ற மாதிரி வளைச்சு வெச்சிருக்கறது அழகுக்கு இல்ல, டைமிங்குக்கு. அந்த சிலிண்டருக்குரிய பைப்பையே வாங்குங்க.

ஏன் நனையுதுன்னும் பாருங்க. அதிகமா இறுக்கி பைப் முனையில இருக்கற கூம்பு நசுங்கியிருக்கும், இல்லைன்னா பைப்களைச் சேர்த்துப் பிடிக்கற ரப்பர் கிளாம்ப் காணாமப் போயிருக்கும். கிளாம்ப் இல்லாத பைப் அதிர்ந்து அதிர்ந்து கூம்பு அடியில வெடிக்கும். புதுசு போட்டும் கிளாம்ப் போடலைன்னா அதுவும் அதே இடத்துலதான் போகும். மாட்டும்போது ரெண்டு முனை நட்டையும் கையால பிடிக்கவெச்சு, கூம்பு நேரா உட்கார்ந்த பிறகு இறுக்குங்க, 25 நியூட்டன் மீட்டர் போதும். பம்ப் பக்கம் நட்டைத் திருப்பறப்ப, கீழ இருக்கற டெலிவரி வால்வு ஹோல்டரை இன்னொரு ஸ்பேனர்ல பிடிச்சுக்கணும். அது சேர்ந்து திரும்பினா அடியில கசிய ஆரம்பிக்கும், அது பம்ப் சர்வீஸ் கடை வேலை.

ஓடற எஞ்சின்ல அந்தப் பைப்பை விரலால தடவிப் பார்க்காதீங்க. கண்ணுக்குத் தெரியாத பீச்சல் தோலைத் துளைச்சு உள்ள போகும். ஊசி குத்தின மாதிரிதான் இருக்கும், வலி அப்புறம்தான் வரும். அப்படி ஆனா வலிக்குதா இல்லையான்னு பார்க்காம அறுவை வசதி இருக்கற ஆஸ்பத்திரிக்கு உடனே போகணும். பார்க்கணும்னா அட்டைத் துண்டைத் தள்ளிப் பிடிங்க, நனையும். டர்போ பக்கம் பீச்சினா தீ பிடிக்கும், அதனால ரெண்டு டிரிப் பேச்சுக்கே இடமில்ல.

பத்துசக்கரம்:
நன்றி அண்ணே. வாஷர், மூணாவது பைப், கிளாம்ப் மாத்தியாச்சு. ஓவர்ஃப்ளோ வால்வைத் தனியா வெச்சுட்டேன். ஆயில் மட்டம் சரியா இருக்கு. பவுடர் காய்ஞ்சே கிடக்கு. காலையில ஸ்டார்ட்டிங் மட்டும் அப்படியேதான். டேங்க் நிறைஞ்சிருந்தா பிரச்சனை இல்ல, பாதிக்குக் கீழ போனா வருது.

டீசல்கிண்ணம்:
நிறைஞ்சிருந்தா இல்ல, பாதிக்குக் கீழ வருதுன்னா டேங்குக்குள்ள இறங்கற உறிஞ்சு பைப்பைத்தான் முதல்ல சந்தேகப்படணும். நடுவுல விரிசல் இருந்தா டீசல் அதை மூடியிருக்கற வரைக்கும் தெரியாது. மட்டம் கீழ இறங்கினதும் காத்து இழுக்கும்.

உறுதி பண்ண, ஃபீட் பம்புக்கு வர்ற ஹோஸைக் கழட்டி, வேற ஒரு ஹோஸை மாட்டி, மறுமுனையை அஞ்சு லிட்டர் சுத்தமான டீசல் கேன்ல விட்டு அப்படியே ராத்திரி வைங்க. காலையில ஒரே அடியில பிடிச்சா கோளாறு டேங்க் பக்கம். அப்பவும் பிடிக்கலைன்னா ஃபீட் பம்ப் வால்வு, ஜல்லடைக் கிண்ணத்தோட ரப்பர், கைப்பம்போட தண்டு மூணையும் பாருங்க. கைப்பம்பை அமுக்கினதும் திருகி மூடாம விட்டாலும் இதே அறிகுறிதான்.

ஹோஸ் நடுவுல கொத்தனார் மட்டம் பார்க்கற வெள்ளை டியூப் ஒரு சாண் மாட்டினா குமிழி ஓடறது கண்ணுக்கே தெரியும். சோதனைக்கு மட்டும்தான். டீசல் பட்டா அது கல்லா இறுகும். நிரந்தரமா டீசலுக்குன்னு விக்கற 8 எம்எம் ஹோஸ்தான், ரெண்டு பக்கமும் கிளிப். கட்டுக்கம்பி போட்டு முறுக்காதீங்க, அது ரப்பரை அறுத்துக் காத்துக்கு வழி விடும்.

எல்லாம் மாட்டினதும் ஏர் எடுக்கணும், அதாவது லைன்ல இருக்கற காத்தை வெளியேத்தணும். ஃபில்டர் மேல திருகைத் தளர்த்தி நுரை நிக்கற வரைக்கும் கைப்பம்பு, மூடிட்டு அடுத்து பம்ப் கேலரி திருகு. அப்புறமும் மிஸ்ஸிங் இருந்தா நாசில் பக்கம் இருக்கற பைப் நட்டை அரைத் திருப்பு தளர்த்தி செல்ஃப் அடிக்கலாம். பத்து விநாடிக்கு மேல அடிக்காம, நடுவுல ரெண்டு நிமிஷம் விடுங்க.

பத்துசக்கரம்:
கேன் வெச்சுப் பார்த்தாச்சு. ஒரே அடியில பிடிச்சுது. டேங்க் பைப்பைக் கழட்டினா மேல இருந்து ஒரு முழம் கீழ நூல் மாதிரி விரிசல், நகம் தட்டுது.