பிளேனுக்குள்ள வந்த நாறின மேஸ் மணம்: அனுபவப்பட்ட ஆக்கள் சொல்லுங்கோ

கொக்குவில் ரீச்சர்:
மகளின்ர பிள்ளைப்பேறுக்கு லண்டன் போகேக்குள்ள நடந்தது. கட்டுநாயக்காவில எஞ்சின் ஸ்டார்ட் பண்ணின கையோட, காயாத மேஸ் மாதிரி ஒரு புளிச்ச மணம். ஆரோ சப்பாத்தைக் கழட்டிப்போட்டினம் எண்டுதான் பக்கத்தில இருந்தவை கதைச்சவை. மேல எழும்பினாப் பிறகு குறைஞ்சுது. இறங்கத் தொடங்கேக்குள்ள திரும்ப அதே மணம். கண் எரிவு, தொண்டை கரகரப்பு. வீட்டை போயும் தலையிடி விடேல்லை. பணிப்பெண்ணிட்டச் சொன்னன், ஏசி மணம் எண்டிட்டுப் போட்டா. வேற ஆருக்கும் இப்பிடி நடந்ததோ?

மானிப்பாய், முந்தி விமான மெக்கானிக்:
ரீச்சர், கல்ஃபில வேலை செய்யேக்குள்ள அந்த மணம் எனக்கு நல்லாப் பழக்கம். அது எஞ்சின் ஒயில். பிளேனுக்குள்ள வாற காத்தை எஞ்சினுக்குள்ள இருந்துதான் எடுக்கிறது, எரிபொருள் கலக்க முதல், அமுக்குப்படுற இடத்தில. தரையில நிக்கேக்குள்ள வால் பக்கத்துச் சின்ன எஞ்சின் அந்த வேலையைச் செய்யும். ஒயில் வெளிய வராமல் அடைக்கிற சீல் தேஞ்சாலோ, ஒயிலை அளவுக்கு மேல ஊத்தினாலோ, கசிஞ்சு காத்தோட வரும். எஞ்சின் வேகம் மாறேக்குள்ள கசிவு கூட. உங்களுக்கு ஏறேக்கையும் இறங்கேக்கையும் மணந்தது அதாலதான். வரிசையில நிக்கேக்குள்ள மண்ணெண்ணெய் மணந்தா அது முன்னால நிக்கிற பிளேனின்ர புகை, இது வேற.

ஹெப்பா வடிகட்டி இருக்குத்தானே எண்டுவினம். அது கிருமியையும் தூசியையும் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. மேல இருந்து விழுற ஒட்சிசன் முகமூடியும் இதுக்கு உதவாது, கபின் காத்தைக் கலந்துதான் தரும். பெரிய பயணிகள் விமானங்களில, 2011 இல சேவைக்கு வந்த போயிங் 787 தான் எஞ்சினில காத்தெடுக்காமல் மின்சாரக் கம்பிரசரால வெளிக்காத்தை எடுக்கிறது.

சாவகச்சேரி நர்ஸ்:
அண்ணை சொன்ன ஒயிலுக்குள்ள தேய்மானத்தைக் குறைக்கப் போடுற இரசாயனம் ட்ரைகிரெசில் பொஸ்பேற். அது செய்த அநியாயத்தை எங்கட நாடு கண்டது. 1977-78 இல மலையகத் தோட்டங்களில, சாமத்தியப்பட்ட தமிழ்ப் பிள்ளையள் இருபது பேருக்கு மேல கை கால் விளங்காமல் போச்சு. வழக்கப்படி குடுத்த நல்லெண்ணெயில அந்த இரசாயனம் கலந்திருந்தது. ஆய்வாளர்கள் சேனாநாயக்கவும் ஜெயரத்தினமும் 1981 இல லான்செற் மருத்துவ இதழில எழுதினவை. நரம்பு நோய் பற்றிப் படிக்கேக்குள்ள இதை வாசிச்சு அழுதனான்.

அது குடிச்ச அளவு. மூச்சோட போறதை அதோட ஒப்பிட ஏலாது, இப்பத்தைய ஒயிலில அந்த இரசாயனத்தின்ர நஞ்சு கூடின ஓர்தோ வகையும் மிகக் குறைவு. பிரித்தானியாவின்ர கிரான்ஃபீல்ட் பல்கலைக்கழகம் 100 பறப்புகளில கபின் காத்தை அளந்து, பாதுகாப்பு வரம்பு தாண்டேல்லை எண்டு 2011 இல சொன்னது. ஆனா அந்தப் பறப்புகளில பெரிய கசிவு ஒண்டும் நடக்கேல்லை. கசிவு நடந்த நாளில காத்தில என்ன இருக்கும் எண்டதுக்கு அது பதிலில்லை. ஒஸ்ரேலியாவில, 1992 இல பிஏஇ 146 விமானத்தில புகை சுவாசிச்ச பணிப்பெண்ணுக்கு நட்டஈடு குடுக்கச் சொன்ன தீர்ப்பு 2010 இல உயர் நீதிமன்றம் வரை போயும் மாறேல்லை. ரீச்சர், இருமல் நிக்காட்டி, கை கால் விறைச்சா, டொக்டரிட்டப் பறப்பையும் சேர்த்துச் சொல்லுங்கோ.

மானிப்பாய், முந்தி விமான மெக்கானிக்:
அடுத்த முறை மணந்தா, பைலட்டுக்குச் சொல்லச் சொல்லி வற்புறுத்துங்கோ. அவையின்ர முகமூடியில முழு ஒட்சிசன் எடுக்கலாம், எங்களுக்கு அது இல்லை. ஆசன இலக்கம், நேரம், ஏறேக்கையோ இறங்கேக்கையோ எண்டதைக் குறிச்சு நிறுவனத்துக்கும் எழுதுங்கோ. பிளேனின்ர பதிவேட்டில ஏறினாத்தான் என்னைப் போல ஒருத்தன் அந்தச் சீலைத் திறந்து பாப்பான்.