ஞாயிறு வாக்களிக்கப் போகாவிட்டால் விசாவுக்குப் பிரச்சினை வருமா?

புதுவரவு (20 ஏப்ரல் 2022, புதன்):
வணக்கம். பிரான்சுக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. இன்று தபால் பெட்டியில் தேர்தல் உறை ஒன்று கிடந்தது. உள்ளே மக்ரோன், லு பென் இருவரின் படம் போட்ட தாள்களும், பெயர் மட்டும் அச்சிட்ட இரண்டு துண்டுகளும் இருக்கின்றன. ஞாயிறு ஜனாதிபதித் தேர்தலின் இரண்டாம் சுற்று என்கிறார்கள். போகாவிட்டால் விசாவுக்குப் பிரச்சினை வருமா? போனால் வருமா? எனக்குப் பிரெஞ்சு வாசிக்க வராது. மிகவும் அவசரம்.

லாச்சப்பல் அண்ணன்:
தம்பி, முதலில் பயத்தை விடுங்கள். நான் 1989இல் வந்தபோது கேட்பதற்கு இப்படி ஓர் இடம் ஏது? ஓர் அறையில் பகலில் தூங்குகிறவர்கள் ஒரு கூட்டம், இரவில் தூங்குகிறவர்கள் இன்னொரு கூட்டம். வதிவிட அனுமதி தரும் அரசு அலுவலகமான பிரெஃபெக்சரின் வரிசையில் இடம் பிடிக்க நள்ளிரவே குளிரில் போய் நிற்போம். பிரஜாவுரிமை கிடைத்து நான் போட்ட முதல் வாக்கு 2002இல். ஏப்ரல் 21 இரவு எட்டு மணிக்குத் தொலைக்காட்சியில் முடிவு வருகிறது, இடதுசாரி ஜொஸ்பன் வெளியே, இந்த லு பென் அம்மாவின் தகப்பன், தீவிர வலதுசாரி, உள்ளே! இரண்டாம் சுற்றில் இடதுசாரிகளும் சேர்ந்து வலதுசாரி சிராக்குக்குப் போட்டார்கள், 82 சதவீதம். அன்றைக்கு நாங்கள் பட்ட பயம் உங்களுக்குத் தெரியாது. ஆகவே வாக்கு என்பது கடமை. கட்டாயம் போங்கள்.

புதுவை மைந்தன்:
அண்ணன் சொல்வது சரி. ஆனால் வாக்காளர் பதிவு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எங்கள் தாத்தா 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர். புதுச்சேரியில் இருந்தவரை தூதரகப் பட்டியலில் என் பெயர் இருந்தது. ஜனாதிபதித் தேர்தலுக்கு அங்கேயே வாக்களித்தோம். பிராந்திய சபைத் தேர்தல் மட்டும் கிடையாது, அதற்கு இங்கே ஏதாவது ஓர் ஊரில் பதிவு வேண்டும். வீடு மாறினால் புதிய ஊரின் மெரியில் (நகரசபை அலுவலகத்தில்) மறுபடியும் பதிய வேண்டும். இந்தத் தேர்தலுக்கான கெடு மார்ச் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது. தம்பி பதிந்தாரா?

சார்சேல் அக்கா:
எல்லோரும் ஜனாதிபதி, ஜனாதிபதி என்றே பேசுகிறீர்கள். உங்கள் பிள்ளை படிக்கும் லீசே (மேல்நிலைப் பள்ளி) கட்டடம் யாருடைய பொறுப்பு? பிராந்திய சபை. தொழிற்பயிற்சி? பிராந்திய சபை. மாதம் 75 யூரோ 20 சதத்துக்கு நவிகோ பயண அட்டை வாங்குகிறீர்களே, அந்த விலையைத் தீர்மானிக்கும் போக்குவரத்துச் சபைக்குத் தலைமை தாங்குவது பாரிசும் சுற்றுப்புறமும் சேர்ந்த இல் து பிரான்ஸ் பிராந்தியத்தின் தலைவர்தான். போன வருடம் ஜூனில் அந்தத் தேர்தல் நடந்தபோது நாட்டில் மூன்றில் இரண்டு பேர் வீட்டில் இருந்தார்கள். எங்கள் வாக்குச்சாவடியில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இங்கே ஜெயித்த பெக்ரெஸ் அம்மையார் அந்தத் தெம்பில் ஜனாதிபதிக்கும் நின்றார். முதல் சுற்றில் 4.78 சதவீதம்! ஐந்தைத் தொடாததால் பிரச்சாரச் செலவில் பெரும்பகுதியை அரசு திருப்பித் தராது; கடனை அடைக்க மக்களிடம் நன்கொடை கேட்டுக்கொண்டிருக்கிறார். பிராந்தியத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம்.

லாச்சப்பல் அண்ணன்:
தங்கச்சி, இரண்டும் தனித்தனி இல்லை. ஜனாதிபதிக்கு நிற்க 500 மக்கள் பிரதிநிதிகளின் கையொப்பம் வேண்டும். மேயர்களைப் போலப் பிராந்திய சபை உறுப்பினர்களும் அதில் கையெழுத்துப் போடலாம்.

ஊர்க்குருவி:
பத்து வருட வதிவிடக் காட் வைத்திருப்பவர்கள் நகரசபைத் தேர்தலில் வாக்களிக்கலாம் என்று கேள்விப்பட்டேன். தம்பிக்கு அப்படித்தான் வந்திருக்கும்.

சார்சேல் அக்கா:
யார் சொன்னது? நகரசபையில் வாக்களிக்கக்கூடிய வெளிநாட்டவர்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்காரர்கள் மட்டும். மற்ற வெளிநாட்டவர்களுக்கும் உள்ளூர் வாக்குரிமை தருவதாக ஜனாதிபதித் தேர்தலில் நின்ற மித்தரோன் 1981இல் வாக்குறுதி கொடுத்தார், 2012இல் ஒல்லோந்தும் கொடுத்தார். இரண்டும் காற்றோடு போயின. வரி மட்டும் எல்லோரிடமும் சரியாக வாங்குகிறார்கள்.

ஊர்க்குருவி:
வரியைப் பற்றிப் பேசாதீர்கள் அக்கா, வயிறு எரிகிறது. வாக்கு இருக்கிறவர்கள் மட்டும் என்ன செய்கிறார்கள்? கோயில் நிர்வாக சபைத் தேர்தல் என்றால் மண்டபம் கொள்ளாத கூட்டம், கதிரை பறக்கிறது. பிராந்திய சபைக்கு நின்ற ஒருவர் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள் பார்ப்போம்.

புதுவை மைந்தன்:
எங்கள் ஆட்களைச் சேர்க்காதீர்கள், நாங்கள் போகிறோம். பிரெஞ்சுத் தீவான ரெயூனியனைப் பாருங்கள், தமிழ் வம்சாவளியினர் அங்கே பிராந்திய சபையிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். இங்கே நாம்...

பொபினி மொழிபெயர்ப்பாளர்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கேட்ட தம்பி பதில் இல்லாமல் நிற்கிறார். தம்பி, மூன்று விஷயம் சொல்லுங்கள். உறையின் மேல் யார் பெயர் இருக்கிறது? உங்களிடம் இருப்பது என்ன காட்? ‘போனால் பிரச்சினை வருமா’ என்று ஏன் கேட்டீர்கள், யாராவது உங்களைப் போகச் சொன்னார்களா?

புதுவரவு:
அக்கா, உறையில் இருப்பது எனக்கு அறை தந்தவரின் பெயர். அவர் இப்போது லியோனில் வேலை செய்கிறார், வாக்காளர் அட்டையை இங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ‘நீ போய்ப் போட்டுவிடு, நம்முடைய முகத்தை எல்லாம் ஒரே மாதிரித்தான் பார்ப்பார்கள், என் பழைய அடையாள அட்டையும் லாச்சியில் இருக்கிறது’ என்று போனில் சொன்னார். எனக்கு மேல்முறையீட்டில் அகதி அந்தஸ்து கிடைத்து, காட் வரும்வரை தரும் தற்காலிகச் சீட்டான ரெசெப்பிசே கையில் இருக்கிறது. பத்து வருடக் காட்டுக்கு வதிவிடக் கடிதத்தை அவர்தான் தர வேண்டும். மறுத்தால் கடிதமும் போய்விடும், அறையும் போய்விடும். லு பென் வந்தால் காட்டே கிடைக்காது என்றும் சொல்கிறார்கள்.

லாச்சப்பல் அண்ணன்:
ஐயோ தம்பி, போகாதீர்கள்! இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?

பொபினி மொழிபெயர்ப்பாளர்:
போகவே கூடாது. இன்னொரு வாக்காளரின் பெயரைச் சொல்லி வாக்களிப்பது குற்றம்: ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை, 15,000 யூரோ அபராதம் என்று தேர்தல் சட்டத்தில் இருக்கிறது. வாக்குச்சாவடியில் அடையாள அட்டையைப் பார்ப்பார்கள், பெயரைச் சத்தமாக வாசிப்பார்கள், பட்டியலில் கையெழுத்து வாங்குவார்கள். மாட்டிக்கொண்டால் அறைக்காரருக்கு நட்டம் ஒரு வாக்கு, உங்களுக்கு நட்டம் எல்லாமே.

வாக்களிக்காமல் இருப்பதற்கு இங்கே தண்டனை கிடையாது, குடிமக்களுக்கே கிடையாது. உங்களுக்கு வாக்கே இல்லை என்பதால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. உறையையும் அட்டையையும் பத்திரமாக வைத்திருந்து அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

அவருக்கு நேரடியாக ‘முடியாது’ என்று சொல்லத் தயங்கினால், வழி சொல்லிக் கொடுக்கிறவராகப் பேசுங்கள். ‘அண்ணா, லியோனிலேயே பொலிஸ் நிலையத்துக்கு அடையாள அட்டையுடன் போய் உங்களுக்குப் பதிலாக வாக்களிக்க வேறொருவருக்குப் பிரதி வாக்குரிமை எழுதிக் கொடுக்கலாம், இணையத்தில் தொடங்கினால் அங்கே வேலை சீக்கிரம் முடியும்’ என்று சொல்லுங்கள். இந்த ஜனவரியிலிருந்து அந்த ஆள் வேறு ஊரில் பதிந்த வாக்காளராகவும் இருக்கலாம், ஆனால் அறைக்காரரின் வாக்குச்சாவடிக்கே வந்து போட வேண்டும். நாளையே செய்யட்டும், ஞாயிறு நெருங்கிவிட்டது. அவருடைய நண்பர்களில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர் ஒருவராவது இருப்பார்.

அடுத்தது வதிவிடம். ஒரே ஆளின் கடிதத்தை நம்பி இருப்பதுதான் உங்கள் உண்மையான சிக்கல். நிலையான வீடு இல்லாதவர்களுக்கு மெரியின் சமூக உதவி நிலையமோ, அனுமதி பெற்ற சங்கமோ தபால் முகவரி தரும். ஒரு வருடத்துக்குச் செல்லும், புதுப்பிக்கலாம். அந்த ஊரோடு தொடர்பு இருப்பதைக் காட்ட வேண்டும், அங்கே தங்கியிருப்பது, வேலை செய்வது போல. ரெசெப்பிசே, தீர்ப்பின் பிரதி, சம்பளத் துண்டு இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.

ஜனாதிபதி விஷயம்: யார் வென்றாலும் பதவியேற்பு மே மாதத்தில். சட்டத்தை மாற்ற நாடாளுமன்றம் வேண்டும், அதற்குத் தேர்தல் ஜூன் 12, 19. உங்களுக்கு அந்தஸ்து கொடுத்தது நீதிமன்றம். திங்கட்கிழமை காலையில் அது மறைந்துவிடாது.

ஊர்க்குருவி:
ஆனால் அந்த அம்மா வந்தால் குடியேற்றம் பற்றி மக்கள் வாக்கெடுப்பு வைப்பேன் என்கிறாரே?

பொபினி மொழிபெயர்ப்பாளர்:
வைப்பதாகச் சொல்கிறார். இன்று இரவு தொலைக்காட்சியில் இருவரும் விவாதிக்கிறார்கள், அதைப் பாருங்கள். தம்பி நாளைக் காலை மெரிக்குப் போகட்டும்.

புதுவரவு:
மிக்க நன்றி அக்கா. அறைக்காரருக்கு நீங்கள் சொன்னபடியே செய்தி அனுப்பிவிட்டேன், இன்னும் பதில் இல்லை. நாளை மெரிக்குப் போகிறேன். அங்கே தமிழ் தெரிந்தவர் இருப்பாரா?

சார்சேல் அக்கா:
எந்த ஊர் மெரி தம்பி?

புதுவரவு:
லா கூர்நெவ்.

சார்சேல் அக்கா:
அங்கே என் மைத்துனி இருக்கிறாள், கூட வருவாள். தனிச் செய்தியில் நேரத்தைச் சொல்லுங்கள். மெரி திறப்பதற்குள் போய்விடுவது நல்லது.