கெயோர்க் எல்சர்: மியூனிக், கான்ஸ்டன்ஸ், கோனிக்ஸ்ப்ரோன், டாகாவ் போய்ப் பார்த்தவர்களின் அனுபவம்

மியூனிக்கில் வசிப்பவர்:

ஹிட்லரைக் கொல்ல நடந்த முயற்சி என்றதும் 1944 ஜூலை 20-ஆம் தேதியும் கர்னல் ஸ்டௌஃபன்பெர்க்கும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அதற்கு ஏறக்குறைய ஐந்து வருடம் முன்பே, போர் தொடங்கி இரண்டு மாதம் கடந்த சமயத்தில் திட்டத்தை முடித்துவிட்டு, 1939 நவம்பர் 8 இரவுக்காகக் காத்திருந்தார் ஒரு தச்சர். கூட்டாளி கிடையாது, இயக்கம் கிடையாது, பணம் கொடுத்தவர் கிடையாது. அவர் பெயர் கெயோர்க் எல்சர். பதின்மூன்று நிமிட வித்தியாசத்தில் ஹிட்லர் தப்பிவிட்டார்.

எல்சர் நடமாடிய இடங்களுக்குப் போனவர்கள் பார்த்ததை இங்கே எழுதுங்கள். முதலில் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

குண்டு வெடித்த ப்யூர்கர்ப்ராய்கெல்லர் என்ற பெரிய பீர்க் கூடம் இன்று இல்லை. 1979-இல் இடித்துவிட்டார்கள். ரோசன்ஹைமர் சாலையில் அந்த இடத்தைச் சுற்றி இப்போது அலுவலகங்களும் ஹோட்டலும்தான். நடைபாதையில் ஒரு உலோகத் தகடு பதித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். குண்டு வைக்க எல்சர் குடைந்த தூண் நின்றது அங்கேதான். குனிந்து பார்க்காவிட்டால் மிதித்துக்கொண்டே போய்விடுவோம்.

நாஜிகளுக்கு அந்தக் கூடம் கோயில் மாதிரி. 1923-இல் ஹிட்லரின் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி அங்கேதான் தொடங்கியது. ஆட்சிக்கு வந்த பிறகு ஒவ்வொரு நவம்பர் 8 இரவும் பழைய தோழர்கள் நடுவே அங்கே பேசுவார். நாள் தெரியும், இடம் தெரியும், நிற்கும் மேடையும் தெரியும். எல்சர் 1938 நவம்பரில் ரயிலேறி வந்து கூடத்தைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். காவல் ஒன்றும் பெரிதாக இல்லை என்று புரிந்துகொண்டு ஊர் திரும்பி, ஒரு வருடம் அதற்கே உழைத்தார். வேலை பார்த்துக்கொண்டிருந்த தொழிற்சாலையிலிருந்து வெடிமருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சேர்த்தார். அப்புறம் வெடிக்குச்சிகளும் வெடிப்பான்களும் கிடைக்குமென்று ஒரு கல்குவாரியில் வேலைக்குச் சேர்ந்தார்.

என் அப்பா ஊரில் தச்சு வேலை செய்தவர். இங்கே வந்திருந்தபோது அவரை அந்தத் தகட்டுக்கு அழைத்துப் போய் முழுக் கதையையும் சொன்னேன். அரசியலை அவர் அதிகம் கேட்கவில்லை. தூணுக்குப் போர்த்தியிருந்த மரப்பலகையை எப்படி அறுத்தார் என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். எல்சர் முதலில் செய்தது அதைத்தான். பலகையில் ஒரு துண்டை அறுத்தெடுத்து, மூடினால் கோடு தெரியாத கதவாக மாட்டினார். அதற்கே சில இரவுகள் ஆகியிருக்கின்றன. "கூட்டுறது யாருக்கும் தெரியும், மூட்டு தெரியாம கூட்டணும், அதுவும் டார்ச் வெளிச்சத்துல" என்றார் அப்பா. அந்த டார்ச்சும் நீலக் கைக்குட்டையால் மூடிய டார்ச் என்று சொன்னதும் சற்று நேரம் பேசவே இல்லை.

முப்பதுக்கும் மேற்பட்ட இரவுகள் இப்படிப் போயின. சாயங்காலம் சாதாரண வாடிக்கையாளராக வந்து மலிவாக ஏதாவது சாப்பிடுவார். கூடத்தை மூடும் முன் மேல்மாடத்தில் ஒளிந்துகொள்வார். எல்லோரும் போனபின் முட்டிபோட்டு உட்கார்ந்து செங்கல்லைக் குடைவார். கழிவறையில் தண்ணீர் தானாகப் பாயும் சத்தம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கேட்கும். பலமாக அடிக்க வேண்டிய அடியை அந்தச் சத்தம் வரும்வரை நிறுத்தி வைப்பாராம். விழுந்த சுண்ணாம்பையும் கல்லையும் பையில் அள்ளிப் பகலில் வெளியே கொண்டுபோய்க் கொட்டுவார். கதவின் உள்பக்கம் தகரம் அடித்தார். அலங்காரத் தோரணம் கட்டுகிறவர்கள் ஆணி அடித்தாலும் உள்ளே போகக் கூடாது, தட்டிப் பார்த்தாலும் பொள்ளலாகக் கேட்கக் கூடாது. கடிகாரத்தின் டிக் டிக் வெளியே வராமல் பெட்டிக்குத் தக்கை வைத்தார். கடிகாரமும் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று நின்றால் மற்றொன்று ஓடும். ஆறு நாள் முன்கூட்டியே நேரம் குறித்து வைக்கலாம்.

குறித்த நேரம் இரவு 9.20. மற்ற வருடங்களில் ஹிட்லர் எட்டரைக்கு ஆரம்பித்துப் பத்து மணிவரை பேசுவார். அந்த வருடம் போர் வேலை. மூடுபனியால் விமானம் ஏற முடியாது, பெர்லினுக்கு ரயிலைப் பிடிக்க வேண்டும். எட்டு மணிக்கே ஆரம்பித்து 9.07-க்கு முடித்துக் கிளம்பிவிட்டார். 9.20-க்குக் குண்டு வெடித்தது. மேடைக்கு மேலிருந்த கூரை இடிந்து விழுந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள், அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் ஏழு பேர் கட்சிக்காரர்கள். ஒருவர் அங்கே பரிமாறிக்கொண்டிருந்த பணிப்பெண்.

கான்ஸ்டன்ஸில் படித்தவர்:

நான் படித்த ஊர் கான்ஸ்டன்ஸ். ஏரிக்கரை நகரம். ஒரு தெருவில் நடந்துகொண்டே இருந்தால் ஸ்விட்சர்லாந்துக்குள் போய்விடலாம். நாங்கள் அங்கே மளிகை வாங்கவும் நண்பர்களைப் பார்க்கவும் எல்லையைக் கடந்து போய் வருவோம், யாரும் நிறுத்த மாட்டார்கள். அதனால்தான் எல்சர் பிடிபட்ட இடத்தில் நின்றபோது மனசு கேட்கவில்லை. வேலி ஏறக்குறைய 25 மீட்டர் தள்ளி. கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

எல்சருக்கு இந்த ஊர் புதிதல்ல. 1920-களில் இங்கே கடிகாரத் தொழிற்சாலையில் பெட்டி செய்யும் வேலை பார்த்தவர். கடிகாரத்தின் உள்ளமைப்பு அங்கே பழகியதுதான். நவம்பர் 8 மாலை ஏரியில் கப்பல் ஏறி வந்து, இருட்டியதும் எல்லையை நோக்கி நடந்தார். 8.45-க்குச் சுங்கக் காவலர்கள் இருவர் நிறுத்தினார்கள். அப்போது மியூனிக்கில் ஹிட்லர் பேசிக்கொண்டிருந்தார். குண்டு வெடிக்க இன்னும் 35 நிமிடம்.

எல்சரிடம் இருந்தது காலாவதியான எல்லை அட்டை. பையைச் சோதித்தால் கம்பி வெட்டும் குறடு, வெடிப்பானின் சில பாகங்கள், ஆயுதத் தயாரிப்பு பற்றிய குறிப்புகள், ப்யூர்கர்ப்ராய்கெல்லரின் படம் போட்ட ஓர் அஞ்சலட்டை. கோட்டின் காலர் மடிப்புக்கு அடியில் கம்யூனிஸ்ட் அமைப்பு ஒன்றின் சின்னம். முதலில் திருட்டுத்தனமாக எல்லை தாண்டப் பார்த்த ஆள் என்றுதான் விசாரித்தார்கள். குண்டு வெடித்த செய்தி வந்த பிறகே அந்த அஞ்சலட்டைக்கு அர்த்தம் வந்தது.

இரண்டு நாள் முன்பே கிளம்பியிருக்கலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். கிளம்பித்தான் போனார். ஸ்டுட்கார்ட்டில் இருந்த தங்கை வீட்டுக்குப் போனவர், கடிகாரம் ஓடுகிறதா என்ற கவலையில் 7-ஆம் தேதி இரவு மறுபடியும் மியூனிக் வந்து பலகையில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் எல்லைக்குப் புறப்பட்டார். செய்த வேலையைச் சரிபார்க்காமல் விட்டுப்போக அவரால் முடியவில்லை.

ஸ்டுட்கார்ட்டில் வசிப்பவர்:

புலன்விசாரணையை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எல்சர் கதையில் என்னை மிகவும் பாதித்தது அதுதான்.

குண்டு வெடித்த மறுநாளே 5 லட்சம் மார்க் பரிசு அறிவித்தார்கள். ஜெர்மன் குற்றப் புலனாய்வுத் துறையின் தலைவர் ஆர்தர் நேபே தலைமையில் தனிப்படை வந்தது. இடிபாடுகளை அள்ளிச் சலித்தார்கள். பித்தளைத் தகடுகள் கிடைத்தன. அவற்றில் ஷ்வென்னிங்கன் ஊர்க் கடிகாரத் தயாரிப்பாளரின் காப்புரிமை எண்கள் இருந்தன. அதாவது உள்நாட்டுச் சரக்கு. ஆனால் ஜெர்மன் போலீஸ் தலைவர் ஹிம்லர் பத்திரிகைகளுக்குக் கொடுத்த செய்தியில் அந்த உலோகத் துண்டுகள் வெளிநாட்டைக் காட்டுகின்றன என்று இருந்தது. சான்று கையில் இருக்கும்போதே அரசு வேறு கதையை எழுத ஆரம்பித்துவிட்டது. நவம்பர் 9-ஆம் தேதி டச்சு எல்லையில் வென்லோ என்ற ஊரில் இரண்டு பிரிட்டிஷ் உளவு அதிகாரிகளைக் கடத்தி வந்தார்கள். சதியின் மூளை லண்டன்தான் என்று அவர்களைக் காட்டிப் பிரசாரம் நடந்தது.

களத்தில் இருந்த போலீஸ்காரர்கள் வேறு வழியில் போனார்கள். தூணில் குடைந்த இடம் தரைக்கு அருகில் இருந்தது. நின்றுகொண்டு அந்த வேலையைச் செய்ய முடியாது. செய்தவன் இரவிரவாக முட்டிபோட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எல்சரிடம் காலைக் காட்டச் சொன்னார்கள். இரண்டு முட்டியும் வீங்கிப் புண்ணாகிச் சீழ் வைத்திருந்தன. பணிப்பெண் ஒருத்தியும் அடையாளம் காட்டினாள். தினமும் வந்து ஒரே ஒரு பானத்தோடு நிறுத்திக்கொள்ளும் ஆளை அவள் மறக்கவில்லை. நவம்பர் 13 நள்ளிரவை ஒட்டி எல்சர் ஒப்புக்கொண்டார்.

குற்றவாளி கிடைத்தான், வழக்கு முடிந்தது என்றுதான் எந்த நாட்டிலும் நினைப்பார்கள். இங்கே மேலிடத்துக்கு இந்த விடை பிடிக்கவில்லை. ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒரு கிராமத்துத் தச்சன் தனி ஆளாக இதைச் செய்தான் என்றால் தலைவரின் பாதுகாப்பும் பெருமையும் என்னாவது? ஹிம்லரே எல்சரைப் பூட்ஸ் காலால் உதைத்து யார் ஏவினார்கள் என்று கேட்டதாக மியூனிக் போலீஸ் அதிகாரி ஒருவர் போருக்குப் பிறகு சொல்லியிருக்கிறார். பெர்லினுக்குக் கொண்டுபோய் நாள் கணக்கில் மறுபடி விசாரித்தார்கள். அடி, உதை எல்லாம் நடந்தது. அம்மாவையும் உடன்பிறந்தவர்களையும்கூடப் பிடித்துப் போனார்கள். கடைசியில் பொருள்களைக் கொடுத்து, நீதான் செய்தாய் என்றால் மறுபடி செய்து காட்டு என்றார்கள். எல்சர் செய்து காட்டினார்.

அந்த விசாரணையின் தட்டச்சுப் பிரதி 203 பக்கம். எல்சர் வளர்ந்த ஊரான கோனிக்ஸ்ப்ரோனில் உள்ள நினைவகத்தில் அதன் பகுதிகளைப் படித்தேன். அவரே பேசுவதுபோல 'நான்' என்றுதான் எழுதியிருக்கிறார்கள், ஆனால் நடை கெஸ்டாப்போ என்ற ரகசியப் போலீஸின் எழுத்தர் நடை. அதற்குள்ளேயே மனிதர் தெரிகிறார். தொழிலாளியின் கூலி குறைந்துவிட்டது, விரும்பியபடி வேலை மாற முடியவில்லை, பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பறிக்கப்படுகிறார்கள், போர் வராமல் இருக்காது. இப்படி ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்கிறார். இன்னும் பெரிய ரத்தக்களரியைத் தடுக்க நினைத்தேன் என்கிறார். போலந்தும் பிரான்ஸும் ரஷ்யாவும் என்ன ஆயின என்று தெரிந்த நாம் 1939-இல் சொன்ன அந்த வார்த்தையைப் படிக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது.

போர் முடிந்த பிறகும் அவரை நம்பவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஹிட்லர் தப்பியதே நாடகம், எல்சர் நாஜிகளின் ஆள் என்று வதந்தி. ஹிட்லரின் சிறையில் இருந்த மார்ட்டின் நீமோலர் போன்ற பெரிய பாதிரியாரே அப்படிச் சொன்னதால் மக்கள் நம்பிவிட்டார்கள். 1964-இல் நீதித்துறைக் கோப்புகளுக்குள் அந்த 203 பக்கங்கள் கிடைத்தன. 1970-இல் வரலாற்றாய்வாளர் லோதர் க்ரூக்மன் பதிப்பித்தார். தனி ஆள் செய்ததுதான் என்பது அதற்குப் பிறகே உறுதிப்பட்டது. அடித்து வாங்கிய வாக்குமூலமே அவர் மேல் இருந்த பழியைத் துடைத்தது. அதுவரை அவர் அம்மாவும் தம்பி தங்கைகளும் ஊருக்குள் எப்படி நடமாடியிருப்பார்கள்? கோனிக்ஸ்ப்ரோனுக்கே அக்கம்பக்கத்தில் கொலைமுயற்சி ஊர் என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

நேபேயின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 1941-இல் கிழக்கே போய்ப் பல்லாயிரம் யூதர்களைக் கொன்ற படைக்குத் தலைமை தாங்கியவர் அவர். பிறகு ஜூலை 20 சதிக்காரர்களோடு தொடர்பு என்று 1945 மார்ச்சில் அவரையே தூக்கிலிட்டார்கள்.

மியூனிக்கில் வசிப்பவர்:

எல்சர் கொல்லப்பட்ட டாகாவ் வதைமுகாம் பற்றி யாரும் எழுதவில்லை, நான் சேர்க்கிறேன். எல்சர் மேல் வழக்கே நடக்கவில்லை. போரில் ஜெயித்ததும் பிரிட்டன்மேல் பழிபோட்டுப் பெரிய விசாரணை நடத்தலாம் என்று உயிரோடு வைத்திருந்தார்கள். சாக்சன்ஹவுசன் முகாமில் தனிக் கொட்டடி, வேலை செய்ய ஒரு மேசை, இசைக்க சிதர் என்ற தந்திக் கருவி. காவலர்களோடு பகலும் இரவும் தனியே. 1945-இல் டாகாவுக்கு மாற்றினார்கள். ஏப்ரல் 5 தேதியிட்டு கெஸ்டாப்போ தலைவர் முல்லரின் கடிதம் வந்தது: ரகசியமாக முடித்துவிட்டு, விமானத் தாக்குதலில் இறந்ததாக அறிவிக்கவும். ஏப்ரல் 9 இரவு சுட்டுவிட்டார்கள். அமெரிக்கப் படை முகாமுக்குள் நுழைந்தது ஏப்ரல் 29. டாகாவில் அந்தச் சிறைக் கட்டடத்தின் நீண்ட நடைபாதையில் நடக்கும்போது இந்த இருபது நாள் கணக்குதான் என் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

நண்பர் ஒருவர் தனியாக எனக்கு எழுதிக் கேட்டார்: குண்டு வெடித்ததில் இறந்த அந்தப் பணிப்பெண் என்ன பாவம் செய்தாள்? நியாயமான கேள்வி. நாளும் பொழுதும் பரிமாறிப் பிழைத்தவள். எல்சர் அந்தக் கூடத்தில் எத்தனையோ மாலை சாப்பிட்டவர், பரிமாறுகிறவர்கள் இருப்பார்கள் என்பது தெரியாமல் இருக்காது. அதற்கு அவரே பொறுப்பு. விசாரணையின்போது அது அவரை வாட்டியதாகவே தெரிகிறது. தனியாக தேவாலயங்களுக்குப் போய் ஜெபித்ததாகவும் சொல்லியிருக்கிறார். ஆனாலும் ஜெர்மனியில் லட்சக்கணக்கானவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தபோது, வரப்போகும் போரைத் தெளிவாகப் பார்த்து நிறுத்தப் போன ஒரே தொழிலாளி என்ற மரியாதை எனக்குக் குறையவில்லை. அவள் சாவை மறைத்துவிட்டு அவரைப் போற்றுவதும், அவள் பெயரைச் சொல்லியே அவரை வெறும் கொலைகாரன் என்று ஒதுக்குவதும் இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை.

போக விரும்புகிறவர்களுக்கு: மியூனிக்கில் எல்சர் அறை எடுத்துத் தங்கிய துர்க்கன் தெருவில் அவர் பெயரில் ஒரு சிறு சதுக்கம் இருக்கிறது. அங்கே பள்ளிச் சுவரில் தினமும் இரவு 9.20-க்கு ஒரு நிமிடம் சிவப்பு எழுத்துகள் எரியும், பத்து நிமிடம் முன்பே போய்விடுங்கள். கோனிக்ஸ்ப்ரோன் நினைவகம் 1998-இல் திறந்தது. உல்ம், ஆலன் ஊர்களுக்கு இடையே ஓடும் ரயிலில் இறங்கலாம், நிலையத்திலேயே எல்சர் சிலை நிற்கிறது. சின்ன இடம் என்பதால் எல்லா நாளும் திறந்திருக்காது, நேரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். சாக்சன்ஹவுசன் பக்கம் போனவர்கள் இருந்தால் அந்தக் கொட்டடி இருந்த இடத்தைப் பற்றி எழுதுங்கள்.